சிரட்டை கலந்த கான்கிரீட்: முதன்முறை போடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பாலக்காட்டுக்குப் போகும் சாலையில் நின்று பார்த்தால், கிணத்துக்கடவுப் பக்கத்துக் குவாரிகளில் உடைத்த ஜல்லியையும், கல்லை அரைத்துச் செய்யும் மணலான எம் சாண்டையும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குள் நுழையும் டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைக் காணலாம். அதே சாலையின் இருபுறமும் உள்ள கொப்பரைக் களங்களில் காயை உடைத்துப் பருப்பை எடுத்த பிறகு மிஞ்சும் ஓடு, களத்தின் ஓரத்தில் மலைபோலக் குவிந்து கிடக்கும். ஒருபக்கம் மலையை உடைத்துக் கல்லை எடுத்துக்கொண்டிருக்கிறோம். மறுபக்கம் மரமே உருவாக்கிக் கொடுத்த கெட்டியான பொருளைக் குவித்து வைத்திருக்கிறோம். கான்கிரீட்டில் போடும் ஜல்லியில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் தேங்காய் ஓட்டைப் போடுவது எப்படி என்பதை, இதுவரை செய்து பார்க்காதவர்களுக்காக இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

இந்தப் பொருளைப் பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்த்தொட்டி என்கிறோம்; எல்லையைத் தாண்டி மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை என்று சித்தூர் தாலுகாவுக்குள் போனால் தமிழ் பேசுகிறவர்களும் சிரட்டை என்றுதான் சொல்கிறார்கள்; வடக்கே போனால் கொட்டாங்குச்சி. தொட்டி என்று எழுதினால் தண்ணீர்த் தொட்டியோடு குழம்பக்கூடும் என்பதால் சிரட்டை என்ற சொல்லையே இங்கே பயன்படுத்துகிறேன்.

எந்த வேலைக்கு ஆகும், எதற்கு ஆகாது

இதை முதலில் முடிவு செய்யாமல் சிரட்டையைச் சேகரிக்கத் தொடங்காதீர்கள். கட்டட ஜல்லிக்கான இந்திய தர விதியான ஐ.எஸ். 383, 2016-இல் திருத்தப்பட்டபோது உலைக்கசடு, பழைய கான்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லி போன்றவற்றுக்கு இடம் கொடுத்தது. ஆனால் அதில் சிரட்டை இல்லை. ஆகவே கம்பி கட்டிப் போடும் தூண், உத்தரம், கூரை ஸ்லாப், லிண்டல், படிக்கட்டு ஆகியவற்றில் சிரட்டையைக் கலக்க எந்தப் பொறியாளரும் பொறுப்பேற்றுக் கையெழுத்திட முடியாது. நீங்களும் அவரைக் கேட்கக் கூடாது. சென்னையை அடுத்த காட்டாங்கொளத்தூரில் உள்ள எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில், ஜல்லியே இல்லாமல் முழுக்கச் சிரட்டையை வைத்துக் கான்கிரீட் செய்து அதன் வலிமையையும் கம்பியோடு அது கொள்ளும் பிடிப்பையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகள் நம்பிக்கை தருபவை. ஆனால் அவை ஆய்வகத்தில், அதிக சிமெண்ட் போட்டு, தண்ணீரைக் கண்டிப்பாக அளந்து செய்தவை. சட்டியால் அள்ளிப் போடும் நம் வேலைத்தளத்துக்கு அந்த முடிவுகளை அப்படியே கொண்டுவந்து கூரை போட்டுவிட முடியாது.

மோட்டார் அறையின் தரை, வாசல் முற்றம், தோப்புக்குள் இரண்டு சக்கர வண்டி போகும் பாதை, டைல்ஸுக்கு அடியில் போடும் பி.சி.சி. எனும் கம்பியில்லாத கான்கிரீட், சுமை தாங்காத சுற்றுச்சுவருக்கான சாலிட் பிளாக், குளியலறையில் தாழ்த்திப் போட்ட சங்கன் ஸ்லாபின் பள்ளத்தை நிரப்புவது ஆகியவை இதற்கு ஏற்ற வேலைகள். கடைசியாகச் சொன்னதில் சிரட்டைக்குத் தனி நன்மையே உண்டு. எடை குறைவதால் கீழே உள்ள ஸ்லாபின் மேல் சுமை குறைகிறது. தண்ணீர் தேக்கும் தொட்டி, செப்டிக் டேங்க், கிணற்று உறை, அடுப்பு மேடை ஆகியவற்றில் வேண்டாம். சிரட்டை எரியக்கூடிய பொருள். நெருப்புக்குப் பக்கத்தில் அதற்கு இடமில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கழிவுப்பொருள் எதுவானாலும் கான்கிரீட்டில் போடலாம் என்று நினைத்து முந்திரிக்கொட்டை ஓட்டைத் தேடிப் போகாதீர்கள். அந்த ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். அதைக் கையால் அள்ளிக் கலப்பது ஆபத்தானது. உமியையும் பச்சையாகக் கலக்கக் கூடாது. உமியை முறையாக எரித்த சாம்பல் சிமெண்டின் ஒரு பங்குக்கு மாற்றாக வரும் பொருளே தவிர ஜல்லிக்கு மாற்று அல்ல.

சிரட்டையைத் தேர்ந்தெடுப்பது

சிரட்டை இலவசமாகக் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு களத்துக்குப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். கரி சுடுபவர்கள் அதை விலை கொடுத்து வாங்குகிறார்கள். சிரட்டைக் கரியிலிருந்து செய்யும் ஆக்டிவேட்டட் கார்பன் தண்ணீர் சுத்திகரிப்புக்கும் மற்றவற்றுக்கும் வெளிநாடு வரை போகிறது. முழு மூடியாக, நல்ல காய்ச்சலோடு இருக்கும் சிரட்டைக்குச் சந்தை இருக்கும்போது அதை உடைத்துக் கான்கிரீட்டில் போடுவது பொருளாதாரக் கணக்குக்கு ஒத்துவராது என்பதே என் கருத்து. நமக்கு வேண்டியது களத்தில் உடைந்து சிதறிக் கிடக்கும் துண்டுகள். கரிக்காரர்கள் விட்டுவிட்டுப் போகும் அந்தச் சில்லுகளைக் குறைந்த விலைக்கோ, களத்தைச் சுத்தம் செய்து தருவதற்கு ஈடாகவோ பெரும்பாலும் வாங்கிவிடலாம்.

முற்றிய காயின் சிரட்டையை மட்டுமே எடுங்கள். இளநீர்க் காயின் ஓடு வெளிர் நிறத்தில் மெல்லியதாக இருக்கும். அது கை விரல்களுக்கிடையில் வளைந்தாலே வேண்டாம் என்று ஒதுக்கிவிடலாம். முற்றிய சிரட்டை கருப்பும் பழுப்புமாக இருக்கும். உடைத்தால் சட்டென்று முறியும். பூஞ்சை பிடித்து வெள்ளையாகப் பூத்தது, பாதி எரிந்தது, மண்ணில் நாள்கணக்கில் புதைந்து மக்கத் தொடங்கியது ஆகியவற்றைத் தள்ளிவிடுங்கள்.

ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் மட்டை உரித்தபோது மிஞ்சிய நார் முள்முள்ளாக ஒட்டியிருக்கும். உட்பக்கம் வழவழப்பாக இருக்கும். அதில் பருப்பின் தோல் மெல்லிய பழுப்புத் தாளைப்போல ஒட்டிக்கொண்டிருக்கும், சில இடங்களில் கொப்பரைத் துணுக்கும் இருக்கும். உடைந்த விளிம்பு சொரசொரப்பாக இருக்கும். சிமெண்ட் பிடிப்பது இந்தச் சொரசொரப்பான விளிம்பைத்தான். வழவழப்பான உட்பக்கத்தில் பிடிப்புக் குறைவு. நாரில் உள்ள கரையும் பொருள்களும், பருப்பில் உள்ள சர்க்கரையும் சிமெண்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். எண்ணெய்ப் பசை ஒட்டாமல் தடுக்கும். சிரட்டையை ஏன் சிறிதாக உடைக்க வேண்டும், ஏன் கழுவ வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் அந்த ஒரு துண்டிலேயே இருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மீனாட்சிபுரத்தை அடுத்த உறவினர் தோப்பில் மோட்டார் அறைக்குத் தரை போட்டபோது, களத்திலிருந்து அன்றைக்கே அள்ளி வந்த சிரட்டையை வெறுமனே ஒருமுறை தண்ணீர் ஊற்றி அலசிவிட்டுக் கலந்துவிட்டேன். மறுநாள் காலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. கொத்தனார் குனிந்து ஒரு துண்டைத் தோண்டி எடுத்து என்னிடம் நீட்டினார். “பருப்பு ஒட்டீருக்குது பாருங்க சார். இத சுத்தம் பண்ணாம போட்டா சிமெண்ட் எப்படிங்க புடிக்கும்?” என்றார். அவர் சொன்னது சரி. அந்தத் தரையை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டியதாயிற்று. பிழை முழுவதும் என்னுடையது.

உடைப்பதும் சலிப்பதும்

சேகரித்த சிரட்டையை வெயிலில் நன்றாகக் காயவிட்டால், ஒட்டியிருக்கும் பருப்புத் துணுக்குச் சுருங்கித் தானாகவே கழன்றுவரும். நாரை அரிவாள் முதுகாலோ கம்பி பிரஷ்ஷாலோ தேய்த்து எடுத்துவிடலாம். முழுவதும் மழமழவென்று ஆக்க வேண்டியதில்லை. தொங்கும் நாரும் கொத்தாக இருக்கும் நாரும் போனால் போதும்.

பிறகு உடைக்க வேண்டும். கொஞ்சமாக இருந்தால் சாக்குப்பைக்குள் போட்டு, கருங்கல்லின் மேல் வைத்து, மரச்சுத்தியலால் அடிக்கலாம். சாக்கு இல்லாமல் அடித்தால் சில்லு தெறித்துக் கண்ணில் படும். கண்ணாடி போட்டுக்கொள்வது கட்டாயம். அதிக அளவு வேண்டுமானால் பக்கத்தில் உள்ள ஹேமர் மில்லில் பெரிய துளையுள்ள சல்லடையை மாட்டச் சொல்லி உடைத்து வாங்கலாம்.

உடைத்ததை இரண்டு முறை சலிக்க வேண்டும். முதலில் அரை அங்குலச் சல்லடையில், அதாவது 12 மி.மீ. கண்ணுள்ள வலையில் போட்டு, மேலே நிற்பதைத் திரும்ப உடைக்க அனுப்புங்கள். கீழே விழுந்ததை 5 மி.மீ. அளவுள்ள சல்லடையில் போட்டு, மேலே நிற்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே விழும் தூள் கான்கிரீட்டுக்கு வேண்டாம். அது தண்ணீரை மிக அதிகமாகக் குடிக்கும். பெரிய துண்டுகளைச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிடக் கூடாது. பெரிய துண்டு கிண்ணம்போல வளைந்திருக்கும். அது கவிழ்ந்து விழுந்தால் அதற்கு அடியில் காற்று சிக்கிக்கொள்ளும். சிறிதாக உடைத்தால் வளைவு மறைந்து தட்டையாகும், சொரசொரப்பான விளிம்பின் அளவும் கூடும்.

ஊறவைப்பது

கருங்கல் ஜல்லி தன் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு தண்ணீரைக்கூடப் பொதுவாகக் குடிப்பதில்லை. சிரட்டை ஒரு நாள் ஊறினால் தன் எடையில் கால் பங்குக்கு நெருக்கமாக, ஏறக்குறைய 24 சதவீதம் வரை குடித்துவிடும். சிரட்டைக் கான்கிரீட்டில் தவறு நேரும் இடங்களில் பாதி இந்த ஒரு வேறுபாட்டை மறப்பதால் வருகிறது. காய்ந்த சிரட்டையைப் போட்டுக் கலந்தால், சிமெண்டுக்கு என்று நீங்கள் அளந்து ஊற்றிய தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும். கலவை கண்ணெதிரிலேயே விறைக்கும். சித்தாள் உடனே இன்னொரு குடம் தண்ணீரை ஊற்றிவிடுவார். அதோடு உங்கள் அளவுக் கணக்கு போய்விடும்.

ஆகவே கலப்பதற்கு முந்தைய நாளே சிரட்டையை டிரம்மில் போட்டு, மூழ்கும்வரை தண்ணீர் விட்டு, கையால் கிளறி, மேலே மிதந்துவரும் நாரையும் தூசியையும் அள்ளி எறியுங்கள். முதல் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடும். அதைக் கொட்டிவிட்டு மறுபடியும் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் ஓரளவு தெளிவாக நிற்கும்வரை இதைத் திருப்பிச் செய்ய வேண்டும். களத்திலிருந்து புதிதாக வந்த சிரட்டையென்றால் மூன்று நான்கு முறை ஆகும். எண்ணெய்ப் பசை கையில் தெரிந்தால் ஒருமுறை வெந்நீரில் அலசுவது நல்லது. கடைசித் தண்ணீரில் 24 மணி நேரம் ஊறட்டும்.

மறுநாள் தண்ணீரை வடித்துவிட்டு, நிழலில் சாக்கின் மேல் பரப்பி வையுங்கள். சொட்டச் சொட்ட அப்படியே கலவையில் போட்டால், மேலே ஒட்டியிருக்கும் தண்ணீர் கலவையின் தண்ணீரோடு சேர்ந்துவிடும். உள்ளே நிரம்ப ஈரம், வெளியே தண்ணீர்ப் படலம் இல்லை என்ற நிலைதான் நமக்கு வேண்டும். துண்டின் மேல் உள்ள பளபளப்புப் போய் நிறம் மங்கியதும், சாக்கில் அழுத்தினால் ஈரத் தடம் மட்டும் பட்டுச் சொட்டு விழாமல் இருந்தால், அதுதான் சரியான பருவம். நிழலில் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் இது வந்துவிடும். காற்று வீசும் நாளில் இன்னும் சீக்கிரம்.

உங்கள் சிரட்டை எவ்வளவு குடிக்கிறது என்பதை நீங்களே அளந்துகொள்ளலாம். வெயிலில் நன்றாகக் காய்ந்த ஒரு கிலோவைத் தராசில் நிறுத்து, ஒரு நாள் ஊறவைத்து, வடித்து, துணியால் துடைத்து மறுபடி நிறுத்துங்கள். 1 கிலோ 200 கிராம் என்றால் 20 சதவீதம். இந்த எண்ணையும், கழுவிய தடவையையும், ஊறவைத்த நேரத்தையும், பிறகு கலவைக்கு ஊற்றும் தண்ணீர் அளவையும் ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அளப்பது: எடையால் அல்ல, பெட்டியால்

புதிதாகச் செய்பவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இது. நூற்றுக்கு இருபது பங்கு மாற்று என்று எங்கேயாவது படித்தால், எடையிலா, பருமனிலா என்று உடனே கேளுங்கள். ஒரு லிட்டர் பாத்திரத்தில் ஜல்லியைக் கொட்டி நிறுத்தால் ஏறக்குறைய 1 கிலோ 500 கிராம் வரும். அதே பாத்திரத்தில் காய்ந்த சிரட்டைத் துண்டுகள் 600 கிராம்தான் வரும். ஒரு கிலோ ஜல்லியை எடுத்துவிட்டு ஒரு கிலோ சிரட்டையைப் போட்டால், எடுத்த இடத்தைப்போல இரண்டரை மடங்கு இடத்தை அது பிடிக்கும். ஆகவே எப்போதும் பருமனால் மாற்றுங்கள்: ஒரு சட்டி ஜல்லியை எடுத்தால் அதே சட்டியில் ஒரு சட்டி சிரட்டை.

ஒரு சிமெண்ட் மூட்டைக்கான கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 50 கிலோ மூட்டையின் பருமன் ஏறக்குறைய 35 லிட்டர். 40 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்தில் ஒரு மரப்பெட்டியோ தகரப்பெட்டியோ செய்துகொண்டால் அது சரியாக 35 லிட்டர் பிடிக்கும். தரை வேலைக்கு வழக்கமாக 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) என்ற எம்15 கலவையே போதும்; எம் என்பதை அடுத்து வரும் எண் வலிமையைக் குறிக்கும். ஆனால் சிரட்டை சேரும்போது வலிமை குறையும் என்பதால், 1:1½:3 என்ற எம்20 விகிதத்தில் கலந்து, அதை எம்15 வேலைக்கு மட்டும் பயன்படுத்துவதே என் வழக்கம். கொஞ்சம் கூடுதல் சிமெண்ட் செலவாகும்; அந்தச் செலவைச் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

அப்படியானால் ஒரு மூட்டைக்கு எம் சாண்ட் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூன்று பெட்டி, அதாவது 105 லிட்டர். இதில் ஐந்தில் ஒரு பங்கான 21 லிட்டரைச் சிரட்டையால் மாற்றினால், ஜல்லி 84 லிட்டராகவும் சிரட்டை 21 லிட்டராகவும் ஆகும். 21 லிட்டர் சிரட்டை காய்ந்த நிலையில் 13 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அது எடுத்த இடத்தில் இருந்த ஜல்லியோ 31 கிலோவுக்கு மேல். இதே இருபது சதவீதத்தை எடையில் கணக்கிட்டிருந்தால் 31 கிலோ சிரட்டை, அதாவது 50 லிட்டருக்கு மேல் கலவைக்குள் போயிருக்கும். மொத்த ஜல்லியில் சிரட்டையின் இடம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். சிமெண்ட் பசை எல்லாவற்றையும் பூசி மூடப் போதாமல் கலவை சொரசொரவென்று நிற்கும்.

முதல்முறை செய்பவர்கள் இருபதிலிருந்துகூடத் தொடங்க வேண்டாம். பத்து சதவீதத்தில், அதாவது ஒரு மூட்டைக்குப் பத்தரை லிட்டர் சிரட்டையில் தொடங்குங்கள். சிரட்டை கூடக்கூட வலிமையும் எடையும் குறைகின்றன என்றே பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. நம் வேலைத்தளத்தில் இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது என்று நான் வைத்திருக்கிறேன்.

இந்தச் சிரட்டை, ஜல்லியில் சிறு அளவான அரை அங்குல ஜல்லியின் இடத்தைத்தான் நிரப்புகிறது. ஆகவே 84 லிட்டர் ஜல்லியில் பெரும்பகுதி முக்கால் அங்குலமாக, அதாவது 20 மி.மீ. அளவாக இருக்கட்டும்.

ஒரு மூட்டைக் கலவை மூன்று அங்குலக் கனத்தில் ஏறக்குறைய 18 சதுர அடி தரைக்கு வரும். 200 சதுர அடி முற்றத்துக்கு 11 மூட்டை. இருபது சதவீத மாற்றென்றால் 230 லிட்டர் சிரட்டை, ஏறக்குறைய 140 கிலோ. உடைத்துச் சலித்ததில் கழிவு போகும் என்பதால் அதைவிடக் கூடுதலாகவே சேகரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் கலப்பதும்

கான்கிரீட்டுக்கான விதியான ஐ.எஸ். 456, எம்20 விகிதக் கலவையில் ஒரு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்கிறது. சிரட்டைக் கலவையில் 25 முதல் 27 லிட்டருக்குள் நிற்க முயலுங்கள். இதில் எம் சாண்டில் உள்ள ஈரமும் அடக்கம். மழையில் நனைந்த எம் சாண்டில் நூற்றுக்கு நான்கு பங்கு ஈரம் இருந்தால்கூட, ஒன்றரைப் பெட்டியில் மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது. 13 கிலோ சிரட்டையை ஊறவைக்காமல் போட்டால் அது திருடும் தண்ணீரும் அதே மூன்று லிட்டர்தான். இரண்டும் சிறியவையாகத் தோன்றும்; ஒரு மூட்டைத் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு அது.

மிக்சர் மெஷினில் கலப்பதானால் முதலில் ஜல்லி, அடுத்துச் சிரட்டை, அதோடு பாதித் தண்ணீர், பிறகு சிமெண்டும் எம் சாண்டும், கடைசியில் மீதித் தண்ணீர் என்ற வரிசையில் போடுங்கள். கையால் கலப்பதானால் எம் சாண்டையும் சிமெண்டையும் நிறம் ஒன்றாகும்வரை உலர்வாகப் புரட்டி, அதன்மேல் ஜல்லியையும் சிரட்டையையும் பரப்பி மறுபடி புரட்டி, பிறகுதான் தண்ணீர். ஒரு கைப்பிடி கலவையை எடுத்துப் பாருங்கள்; சிரட்டையின் பழுப்பு நிறம் எங்கும் தெரியாமல் எல்லாத் துண்டும் சாம்பல் நிறப் பசையால் மூடியிருக்க வேண்டும். பழுப்பு தெரிந்தால் கலப்பது இன்னும் முடியவில்லை.

கலவையைக் கொட்டிய பிறகு வைப்ரேட்டரை நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். ஜல்லி கனமானது, சிரட்டை இலேசானது. அதிகமாக அதிர்த்தால் ஜல்லி கீழே இறங்கிச் சிரட்டை மேலே வந்துவிடும். பிறகு மட்டப்பலகையை இழுக்கும்போது துண்டுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். மூன்று அங்குலத் தரைக்கு வைப்ரேட்டரே தேவையில்லை. பலகையால் தட்டி, மட்டம் இழுத்து, தேய்த்தால் போதும். தரையை எட்டு முதல் பத்து அடிக்கு ஒரு கட்டமாகப் பிரித்துப் போடுங்கள். இல்லாவிட்டால் வெடிப்புத் தனக்குப் பிடித்த இடத்தில் வரும். மேற்பரப்பில் கால் தேயும் இடமென்றால், அடித்தளம் இறுகுவதற்கு முன்பே அரை அங்குலத்துக்குச் சிமெண்ட் பூச்சு கொடுத்து மூடிவிடுவது நல்லது. சிரட்டையின் விளிம்பு வெளியே தெரியாது, வெயிலும் மழையும் மாறிமாறி அதைத் தாக்காது.

சிரட்டை உள்ளே மக்கிப் போகாதா என்று பலர் கேட்கிறார்கள். காரத்தன்மை மிகுந்த சிமெண்ட் பசைக்குள் காற்றுப் புகாமல் அடைபட்டிருக்கும்போது மக்கவைக்கும் உயிர்களுக்கு வாழ வழியில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது; பூச்சு வேண்டும் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீராற்றல்: போட்ட கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பது

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை எங்கள் பகுதியில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் அது வீசும்போது, போட்ட கான்கிரீட்டின் மேல்தோல் சில மணி நேரத்துக்குள் காய்ந்து தலைமுடிபோல வெடிப்பு விடும். வெயில் இல்லையே, மேகமூட்டமாகத்தானே இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். தண்ணீரைக் கொண்டுபோவது காற்று. அந்த மாதங்களில் அதிகாலையில் போட்டு, தேய்த்து முடித்தவுடனே பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களில் செங்கல் வையுங்கள். மறுநாள் தாளை எடுத்துவிட்டுப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம், அல்லது ஈரச் சாக்கைப் பரப்பி வைக்கலாம்.

ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்கு ஏழு நாள் ஈரம் காக்கச் சொல்கிறது; கடைகளில் இப்போது பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி. எனும் நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்டுக்குப் பத்து நாள். சிரட்டைக் கலவைக்குப் பதினான்கு நாள் கொடுங்கள். ஊறிய சிரட்டை தனக்குள் வைத்திருக்கும் தண்ணீரை மெல்ல மெல்லச் சுற்றியுள்ள பசைக்கு விட்டுக்கொடுக்கும் என்பது உண்மை. அது வெளியே ஊற்றும் தண்ணீருக்குத் துணையாகுமே தவிர மாற்றாகாது.

சோதித்துப் பார்ப்பது

முதல் நாள் கலவையிலேயே ஆறு க்யூப், அதாவது வலிமையைச் சோதிக்க அச்சில் வார்க்கும் கனசதுரக் கட்டிகள், எடுத்துவிடுங்கள். 150 மி.மீ. அச்சைப் பக்கத்துப் பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ கேட்டால் வாடகைக்குக் கிடைக்கும். உட்புறம் எண்ணெய் தடவி, மூன்று அடுக்காகக் கலவையை நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் இரும்புக் கம்பியால் 35 முறை குத்த வேண்டும். மறுநாள் அச்சைக் கழற்றி, க்யூபின் மேல் தேதியையும் சிரட்டைச் சதவீதத்தையும் எழுதித் தண்ணீரில் போட்டுவிடுங்கள். மூன்றை ஏழாம் நாளும், மூன்றை இருபத்தெட்டாம் நாளும் உடைக்கக் கொடுக்க வேண்டும்.

க்யூபின் முகம் 150 க்கு 150, அதாவது 22,500 சதுர மி.மீ. இருபத்தெட்டாம் நாள் அது 337.5 கிலோ நியூட்டன் சுமையைத் தாங்கினால் சதுர மி.மீட்டருக்கு 15 நியூட்டன் வலிமை வந்திருக்கிறது என்று பொருள், அதுதான் எம்15. மூன்று க்யூபின் சராசரியிலிருந்து ஏதாவது ஒன்று 15 சதவீதத்துக்கு மேல் விலகி நின்றால், கலவை எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை என்று எடுத்துக்கொண்டு, கலக்கும் முறையைச் சரிசெய்யுங்கள்.

எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். உடைந்த க்யூபைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். சிரட்டைத் துண்டு நடுவில் முறிந்து, இரண்டு பாதியும் இரண்டு பக்கத்துப் பசையிலும் ஒட்டிக்கொண்டிருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. துண்டு முழுசாகக் கழன்று, அது இருந்த குழி கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தால், எண்ணெய்ப் பசை போகவில்லை அல்லது துண்டு பெரிதாக இருக்கிறது. குழியைச் சுற்றிப் பசை வெளுத்துப் பொடியாக உதிர்ந்தால் ஈரத்தோடு சொட்டச் சொட்டப் போட்டிருக்கிறீர்கள்.

பத்து சதவீதத்தில் இருபத்தெட்டாம் நாள் சராசரி சதுர மி.மீட்டருக்கு 20 நியூட்டனைத் தாண்டினால், அடுத்த வேலையில் பதினைந்துக்குப் போகலாம். 17-க்கும் 20-க்கும் நடுவில் இருந்தால் அதே பத்தில் இன்னொரு வேலை செய்து பாருங்கள். 17-க்குக் கீழே வந்தால் சதவீதத்தைக் குறைப்பதற்கு முன், நோட்டில் எழுதியுள்ள தண்ணீர் அளவையும், கழுவிய தடவையையும், ஊறவைத்த நேரத்தையும் முதலில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் கிடைக்கும்.